காலை பதினொன்றரைக்கு நின்றுபோகும் தளம்

கிளிநொச்சிக்கு அண்மையில் உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் இணையத்தளத்தை நான் பராமரித்து வருகிறேன். பெரிய தளம் அல்ல. விதைநெல் கையிருப்பு, உர விலை, அன்றைய நெல் கொள்வனவு விலை, சங்கத்தின் அறிவித்தல்கள், கூட்டங்களில் எடுத்த படங்கள், இவ்வளவுதான் அதில் உண்டு. ஆனால் லான்ட்மாஸ்டரில் மூட்டை ஏற்றுவதற்கு முன் கைத்தொலைபேசியில் விலையைப் பார்த்துவிட்டுப் புறப்படும் கமக்காரருக்கு அந்த ஒரு பக்கம் திறந்தாக வேண்டும். ஓராண்டு ஓகஸ்ட் மாதம், சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, அது திறக்காமல் போகத் தொடங்கியது. நாள் முழுவதும் அல்ல. ஒவ்வொரு நாளும் காலை 11.30 மணியளவில் நிற்கும். ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் தானாகவே எழும். இடையில் வருபவர்களுக்கு 508 என்ற இலக்கமும், வளங்களின் எல்லை எட்டப்பட்டுவிட்டது என்ற ஒரு வரியும் மட்டும் தெரியும்.

ஆளுக்கொரு காரணம் சொன்னோம். மதியத்துக்கு முன் பார்ப்பவர்கள் கூடிவிடுகிறார்கள் என்றார் முகாமையாளர். பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்று, தளத்துக்கு இடம் வாடகைக்குக் கொடுக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் பதில் எழுதியது. யாரோ தாக்குகிறார்கள் என்று நான் நினைத்தேன். நவம்பர் முதல் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை, தளம் 11.30க்கு நிற்கவில்லை, 12.30க்கு நின்றது. மறுநாளும் 12.30. வன்னியில் எந்தக் கடிகாரமும் மாறவில்லை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னே வைக்கும் நாடு அமெரிக்கா. எங்கள் தளம் குடியிருந்த சேவையகமும் அங்கேதான், கிழக்குக் கரை நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அதிகாலை 2 மணி என்றால் கோடையில் இங்கே காலை 11.30, குளிர்காலத்தில் பிற்பகல் 12.30. அந்த 2 மணிக்கு என்னதான் நடக்கிறது என்று தேடியபோது, காப்புப் பிரதி எடுக்கும் ஒரு வரி அகப்பட்டது. அதை எழுதியவன் நானே.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடக்கிவிடும் மென்பொருளுக்குக் குரோன் என்று பெயர். அதற்கு ஐந்து இடங்களில் நேரம் சொல்ல வேண்டும்: நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை. உடுக்குறி (*) போட்டால் அந்த இடத்தில் 'எல்லாம்' என்று பொருள். நான் எழுதியிருந்தது * 2 * * *. இரண்டு மணிக்கு ஓடு என்று சொன்னதாக நினைத்திருந்தேன். உண்மையில், இரண்டு மணியிலிருந்து 2.59 வரை ஒவ்வொரு நிமிடமும் ஓடு என்று சொல்லியிருந்தேன். முதல் இடத்தில் உடுக்குறிக்குப் பதில் ஒரு பூச்சியம் இருந்திருந்தால் ஒரே தடவை ஓடியிருக்கும். இப்படி எழுதியதால் அறுபது தடவை ஓடியது. படங்களையும் தரவுத்தளத்தையும் சேர்த்துச் சுருக்கிக் கட்டும் அந்த வேலை தனியாக ஓடினாலே பத்து நிமிடம் பிடிக்கும். முதலாவது முடிவதற்குள் இன்னும் ஒன்பது தொடங்கிவிடும். எல்லாம் ஒரே வட்டுக்கும், கணினியின் மூளையான ஒரே செயலிக்கும் அடிபடுவதால் பத்து நிமிடம் இருபதாகும், நாற்பதாகும். கடைசி ஓட்டம் முடியும்போது இங்கே மதியம் ஒரு மணி. அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. அறுபது ஓட்டங்களும் அன்றைய திகதியிட்ட ஒரே கோப்பில் எழுதிக்கொண்டிருந்தன. மூன்று மாதக் காப்புப் பிரதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றுகூட உருப்படியாகத் திறக்கவில்லை. அந்த மூன்று மாதத்தில் வட்டு பழுதாகியிருந்தால் சங்கத்தின் பதிவுகள் மொத்தமாகப் போயிருக்கும்.

அன்றிலிருந்து, தளம் படுத்துவிட்டது என்று யாராவது அழைத்தால், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. யாரும் பார்க்காதபோது அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தேடுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் நான் கைவைத்த சிறு தளங்களில் பெரும்பாலானவற்றை வாசகர்கள் விழுத்தவில்லை. யாரும் கேட்காத வேலைதான் விழுத்தியது.

மாதம் சில டொலருக்குக் கிடைக்கும் பகிர்வு ஹோஸ்டிங் என்பது ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான கணக்குகளைக் குடியிருத்துவது. செயலி, நினைவகம், வட்டு, தரவுத்தள மென்பொருள் எல்லாம் பொது. இது ஏமாற்று வேலை அல்ல, நியாயமான ஏற்பாடு. ஒரு பாடசாலையின் தளமோ சனசமூக நிலையத்தின் தளமோ நாளின் பெரும்பகுதி சும்மாதான் இருக்கிறது. ஒருவர் வந்து பக்கத்தைத் திறக்கும் அரைச் செக்கனுக்கு மட்டும் அதற்குச் செயலி தேவை. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஓர் இயந்திரத்தின் செலவைப் பலர் பங்குபோடுகிறார்கள். அதனால்தான் வசதியற்ற ஒரு கிராமச் சங்கத்துக்கும் இணையத்தில் ஒரு முகவரி கிடைக்கிறது.

இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் செய்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்த அதிக நேரம் எடுக்காது. குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்து, இம்முறை எத்தனை ஏக்கர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகும். இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களில் முறைவைத்துத் தண்ணீர் வரும். மேல்வயல்காரர் ஒருவர், வரம்பில் தண்ணீர் விடும் வாயான தன் வக்கடையை அடைக்காமல் போய்ப் படுத்துவிட்டால் அவருடைய பயிருக்கும் அந்த மேலதிக நீரால் நன்மை இல்லை. வாய்க்காலின் கடைசியில் இருப்பவருடைய வயல்தான் காயும். அவர் களவெடுக்கவில்லை, மறந்துவிட்டார். வயலென்றால் விடியற்காலை வரம்பில் நடந்துபோய்ப் பார்த்து மண்வெட்டியால் அடைத்துவிடலாம். சேவையகத்தில் திறந்து கிடக்கும் வக்கடை, நடப்பதையெல்லாம் அது குறித்துவைக்கும் பதிவேட்டில்தான் தெரியும், பதிவேட்டைத் திறந்து பார்ப்பவர் மிகக் குறைவு.

முன்பெல்லாம் ஒரு கணக்கில் உள்ள பிழையான செய்நிரல் மொத்த இயந்திரத்தையும் இழுத்து விழுத்திவிடும். 2010இல் வெளிவந்த கிளவுட் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி எல்லை போட வழிசெய்தது: இவ்வளவு செயலி, இவ்வளவு நினைவகம், வட்டில் செக்கனுக்கு இவ்வளவு எழுத்தும் வாசிப்பும், ஒரே நேரத்தில் இத்தனை ஓட்டங்கள். எல்லையைத் தொட்டால் அந்தக் கணக்கு மட்டும் மெதுவாகும் அல்லது 508 காட்டும். பக்கத்துக் கணக்குகள் பெரும்பாலும் தப்பும். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் தரவுத்தளம். அது பல இடங்களில் இன்னும் எல்லோருக்கும் பொதுவான ஒரே மென்பொருளாக ஓடுகிறது. ஒருவருடைய கனமான கேள்வி மற்றவர்களுடைய கேள்விகளை அங்கே காத்திருக்க வைக்க முடியும்.

இந்த எல்லைகளில் அதிகம் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது ஒரே நேரத்தில் நடக்கக்கூடிய ஓட்டங்களின் எண்ணிக்கை. பல நிறுவனங்கள் அதை 20 என்று வைத்திருக்கின்றன. ஒரே நேரத்தில் இருபது பேர்தான் தளத்தைப் பார்க்கலாம் என்று வாடிக்கையாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. பக்கத்தை வாசித்துக்கொண்டிருப்பவர் எந்த இடத்தையும் பிடித்திருப்பதில்லை. பக்கத்தைத் தயாரித்து அனுப்பும் நேரம் மட்டுமே ஒரு இடம் பிடிபடுகிறது. ஒரு பக்கம் அரைச் செக்கனில் தயாராகுமானால், இருபது இடங்களைக் கொண்டு செக்கனுக்கு நாற்பது பக்கங்கள் கொடுக்கலாம். வன்னியில் எந்தச் சங்கத்துக்கும் அது தாராளம். அதே பக்கம் தயாராகப் பத்துச் செக்கன் எடுத்தால், அதே இருபது இடங்கள் செக்கனுக்கு இரண்டு பக்கத்துக்குத்தான் போதும். வருகை ஒன்றும் கூடவில்லை, எல்லையும் மாறவில்லை. பக்கம் எடுக்கும் நேரம் மட்டும் நீண்டது. காப்புப் பிரதிகள் வட்டை அடைத்துக்கொண்டு நின்றபோது எங்கள் விலைப் பக்கத்துக்கு நடந்தது இதுதான்.

நேரம் நீள்வதற்குச் செயலி களைக்க வேண்டும் என்றும் இல்லை. பலர் இதைத் தவறவிடுவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அந்த நாட்களில் தளம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் முகப்பில் அன்றைய டொலர் விலை தெரிய வேண்டும் என்றார்கள்; வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் காசை எப்போது மாற்றுவது என்று வீட்டுக்கு வீடு கணக்குப் பார்த்த காலம் அது. ஒரு கடைக்காரரின் தளத்தில், வேறொரு தளத்திலிருந்து விலையை வாங்கிக் காட்டும் சில வரிகளை யாரோ சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை முகப்புத் திறக்கும்போதும் அந்த வரிகள் வெளியே போய் விலையைக் கேட்டுவிட்டு வரும். கேட்கப்படும் தளம் உடனே பதில் சொல்லும்வரை ஒரு குறையும் இல்லை. ஒருநாள் அது பதில் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை, மௌனமாக இருந்தது.

அப்போது என்ன நடக்கும்? இத்தகைய தளங்களின் செய்நிரல் எழுதப்படும் பிஎச்பி மொழியில் இப்படி வெளியே போய்க் கேட்கும்போது, வேறு கட்டளை கொடுக்காவிட்டால் 60 செக்கன் வரை காத்திருக்கும். ஒரு செய்நிரல் 30 செக்கனுக்கு மேல் ஓடினால் பிஎச்பியே நிறுத்திவிடும் என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள். அந்த 30 செக்கன் எல்லை லினக்ஸ் இயந்திரங்களில் செய்நிரல் தானே உழைக்கும் நேரத்தை மட்டும் எண்ணுகிறது. வெளியாருடைய பதிலுக்கும் தரவுத்தளத்துக்கும் காத்திருக்கும் நேரம் கணக்கில் வராது. ஆகவே ஒவ்வொரு வருகையும் ஒரு நிமிடம் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் நிற்கிறது. மூன்று செக்கனுக்கு ஒருவர் வந்தாலே போதும், ஒரு நிமிடத்தில் இருபது இடங்களும் நிரம்பிவிடும். கடைக்காரர், ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபனலைத் திறந்து வளப் பயன்பாட்டுப் படத்தைப் பார்க்கிறார்; செயலிக் கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது, தளமோ 508 காட்டுகிறது. ஹோஸ்டிங்காரர் பொய் சொல்கிறார் என்று அவர் முடிவுகட்டியதில் எனக்கு வியப்பில்லை. விலையை அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை பின்னணியில் கேட்டு ஒரு கோப்பில் எழுதிவைத்து, முகப்பு அந்தக் கோப்பை மட்டும் வாசிக்கும்படி மாற்றினோம். வெளியே கேட்பதற்கு மூன்று செக்கன் எல்லை வைத்தோம். அந்தக் கடை இன்றும் அதே சிறிய திட்டத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு வகையில் பிழை சேவையகத்தில் இருப்பதே இல்லை. பார்ப்பவருடைய உலாவியில் ஓடும் வரிகள் சேவையகத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒரு கோயில் திருவிழாவுக்காகச் செய்யப்பட்ட பக்கம் இப்படி இருந்தது. இங்கே இரவு 9 மணிக்குச் சுவாமி வெளிவீதி வரும்போது ரொறன்ரோவில் காலை 11.30, லண்டனில் மாலை 4.30. ஊரை விட்டுப் போனவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். புதிய அறிவித்தல் வந்திருக்கிறதா என்று அந்தப் பக்கம் ஒவ்வொரு செக்கனும் சேவையகத்தைக் கேட்டது. இருநூறு பேர் என்றால் செக்கனுக்கு இருநூறு கேள்விகள். அதில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: புதிதாக ஒன்றும் இல்லை. அந்த 'ஒன்றும் இல்லை'யைச் சொல்வதற்கு ஒவ்வொரு முறையும் தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள் முழுவதும் எழும்பி, நீட்சிகளை ஏற்றி, தரவுத்தளத்தைத் திறந்தது. அறிவித்தலை வெறும் எழுத்துக் கோப்பாக வைத்து, 30 செக்கனுக்கு ஒரு முறை பார்க்கும்படி எழுதியிருந்தால் செக்கனுக்கு ஏழு கேள்விகள்தான் வந்திருக்கும். பிஎச்பி தொடங்கவேண்டிய தேவையே இல்லை. தேர் இருப்புக்கு வந்த பிறகே அன்று அந்தத் தளம் எழுந்தது. தாய் ஒருவர் கனடாவிலிருந்து எடுத்துச் சொன்ன ஏமாற்றம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் எதிர்பார்த்திருந்தது ஒரு படம்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு சுமையையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது இருக்காது. எங்கள் பக்கத்தில் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில்தான் எல்லாம் எழுதப்பட்டன. அதில் சேமிக்கப்படுவது தமிழ் அல்ல, ஆங்கில விசைகள். ஆங்கில 'எம்' இருக்கும் இடத்தில் எழுத்துரு 'அ'வைக் காட்டும். எழுத்துரு இல்லாவிட்டால் வாசிக்க முடியாது. 1991இல் வந்த ஒருங்குறியின் (யூனிகோட்) முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தாலும், பழைய மலர்களும் கட்டுரைகளும் பாமினியிலேயே கிடக்கின்றன. அவற்றை இணையத்தில் இட வந்தவர்கள், பாமினியை ஒருங்குறியாக மாற்றும் செய்நிரலை எடுத்துப் பக்கம் திறக்கும் இடத்தில் பொருத்திவிட்டார்கள். அந்த மாற்றம் லேசான வேலை அல்ல. பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னே வரும், ஒருங்குறியில் பின்னே வரும். ஆகவே நீண்ட சேர்க்கைகளை முதலிலும் குறுகியவற்றைப் பின்னரும் தேடி, கட்டுரை முழுவதையும் நூற்றுக்கணக்கான தடவை துழாவ வேண்டும். ஒருமுறை மாற்றினால் என்றென்றும் மாறாத ஒரு கட்டுரையை, அதை வாசிக்கும் ஒவ்வொருவருக்காகவும், அதை வாசிக்காத ஒவ்வொரு தேடுபொறிக்காகவும் மறுபடி மறுபடி மாற்றிக்கொண்டிருந்தது ஒரு பழைய மாணவர் சங்கத்தின் தளம். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே தடவையாக மாற்றித் தரவுத்தளத்தில் சேமித்தோம். இடையில் பிழையாக மாறியிருந்த சொற்களையும் திருத்த முடிந்தது. அது எனக்கு வேகத்தைவிடப் பெரிய நிம்மதி.

அதே தளத்தில் தேடலும் நோயாளியாக இருந்தது. தமிழில் ஒரு சொல் தனியாக நிற்பது அரிது. 'கிளிநொச்சி' என்று தேடுபவருக்குக் 'கிளிநொச்சியில்', 'கிளிநொச்சிக்கு', 'கிளிநொச்சியைச் சேர்ந்த' எல்லாம் வேண்டும். முழுச் சொல்லைக் கொண்டு அமைந்த சுட்டி (புத்தகத்தின் பின்னால் வரும் சொல்லடைவு போன்றது) இவற்றைப் பிடிக்காது. ஆகவே செய்நிரல் எழுதியவர், இந்த எழுத்துகள் எங்கே இருந்தாலும் கொண்டுவா என்று தரவுத்தளத்திடம் கேட்டிருந்தார். அப்படிக் கேட்டால் சுட்டி பயன்படாது. முதல் கட்டுரையிலிருந்து கடைசிக் கட்டுரைவரை ஒவ்வொரு எழுத்தும் வாசிக்கப்படும். போதாக்குறைக்கு அட்டவணைகள் மைஐசாம் என்ற பழைய அமைப்பில் இருந்தன. மைஎஸ்கியூஎல் 5.5 பதிப்பு 2010இல் வந்தபோதே வேறு அமைப்பு இயல்பாக்கப்பட்டுவிட்டது. ஆனால் பழைய தளங்களை இடம் மாற்றும்போது பழைய அமைப்பும் கூடவே வரும். மைஐசாமில் ஒருவர் வாசித்து முடியும்வரை இன்னொருவர் அதே அட்டவணையில் எழுத முடியாது. எழுதக் காத்திருப்பவர் ஒருவர் நின்றால், பின்னால் வரும் வாசகர்களும் அவருக்குப் பின்னே நிற்க வேண்டும். இதில் எழுதுபவர் யார்? ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இதுவரை பார்த்தோர்' என்று காட்டும் எண். ஒரு தேடல் எட்டுச் செக்கன் ஓடும். அதற்குள் யாரோ ஒரு கட்டுரையைத் திறந்து அந்த எண்ணைக் கூட்ட முயல்வார். அதன் பின் வந்த அனைவரும் வரிசையில் நிற்பார்கள். எண்ணை அகற்றிவிடலாம் என்றேன். சங்கத்தில் விருப்பமில்லை, அந்த எண்ணில் அவர்களுக்குப் பெருமை. தனி அட்டவணைக்கு மாற்றி, மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பதிவேட்டிலிருந்து கூட்டிக் காட்டும்படி செய்தோம்.

மற்றவை சிறியவை, ஆனால் சேர்ந்தால் கனக்கும். வேர்ட்பிரஸின் உள்ளமைந்த குரோன், யாராவது பக்கத்தைத் திறக்கும்போது, அந்த வருகையாளரின் முதுகில் ஏறித்தான் ஓடுகிறது; அதை நிறுத்தி, உண்மையான குரோனில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடவிடுவது நல்லது. அலுவலகத்தில் மூன்று கணினிகளில் கட்டுரை எழுதும் பக்கத்தைத் திறந்தபடி மதியச் சாப்பாட்டுக்குப் போனால், அந்த மூன்றும் விட்டு விட்டுச் சேவையகத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். தளத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவில், அழித்துவிட்ட ஆறு படங்களின் பெயர் இன்னும் இருந்தால், அந்தப் படம் இல்லை என்று சொல்வதற்காகவே ஒரு பக்கத்துக்கு ஆறு தடவை வேர்ட்பிரஸ் எழும்பும். ஏனெனில் இல்லாத கோப்புகளைத் தேடும் கேள்விகள் எல்லாம் அதனிடமே அனுப்பப்படுகின்றன. நிகழ்ச்சி நாட்காட்டியில் 'அடுத்த மாதம்' என்ற இணைப்புக்கு முடிவு வைக்காவிட்டால் தேடுபொறிகளின் தானியங்கிகள் பல நூற்றாண்டு தாண்டியும் அழுத்திக்கொண்டு போகும். அவற்றை விலக்கும் கோப்பு 1994இலிருந்து வழக்கில் உள்ளது. மரியாதை உள்ள தானியங்கிகள் மட்டும் அதை மதிக்கும்.

இப்பிழைகளைச் செய்தவர்கள் கவலையீனமானவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். 2009க்குப் பின் வன்னியில் எழுந்த தளங்கள் பல, ஏதோ ஒரு திட்டத்தின் பணத்தில், ஏதோ ஓர் இளைஞரின் ஆர்வத்தில் உருவானவை. திட்டம் முடிந்தது. இளைஞர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டார். கடவுச்சொல் ஒரு பழைய மின்னஞ்சலில் இருக்கிறது, அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் யாரிடமும் இல்லை. ஹோஸ்டிங் நிறுவனம் அனுப்பும் எச்சரிக்கைகளும் அதே பெட்டிக்குத்தான் போகின்றன. செய்நிரல் மட்டும் ஓய்வில்லாமல் ஓடுகிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. 2021 முதல் வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர்கள் இறுதியாண்டுச் செயற்றிட்டமாகப் புதிய தளம் ஒன்றைக் கட்டுவது போல, கைவிடப்பட்ட ஒரு தளத்தை எடுத்து அது எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துக் கொடுப்பதும் செயற்றிட்டமாக ஏற்கப்பட வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஹோஸ்டிங் நிறுவனங்களிடமும் ஒரு குறை உண்டு. மற்றக் குடியிருப்பாளரைக் காப்பதற்காக ஒரு கணக்கை நிறுத்துவது அவர்களுடைய கடமை. அதை நான் மறுக்கவில்லை. எந்தக் கோப்பு, எந்த நேரத்தில், எத்தனை தடவை ஓடியது என்று சொல்லாமல் நிறுத்துவதும், மறுகையில் பெரிய திட்டத்தின் விலையை நீட்டுவதும் தவறு. அந்தத் தகவல் அவர்களிடம் இருக்கிறது. தனிச் சேவையகத்துக்கு மாறினால் மாதச் செலவு பல மடங்காகும், அதுவும் டொலரில். காசைக் கட்டி மாறியவர்களின் தளத்திலும் அதே செய்நிரல் அதே பிழையோடு குடிபெயர்கிறது. இடம் அகலமானதால் சில மாதம் வலி தெரியாது, அவ்வளவுதான்.

உங்கள் தளம் அடிக்கடி படுக்கிறது என்றால், காசு கட்டுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். சிபனலில் வளப் பயன்பாடு என்ற பகுதியில் எந்த எல்லை தொடப்பட்டது என்று இருக்கும். செயலியா, நினைவகமா, வட்டா, ஓட்டங்களின் எண்ணிக்கையா என்பதைப் பொறுத்து நோய் வேறு. ஓட்டங்கள் நிரம்பி, செயலி சும்மா இருந்தால் எதற்கோ காத்திருக்கிறது என்று பொருள். தொடப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது சேவையகத்தின் நேரமா இலங்கை நேரமா என்று உறுதிசெய்யுங்கள். ஒவ்வொரு நாளும் அதே நேரம் என்றால் குரோன் பட்டியலைத் திறவுங்கள். நேரம் மாறி மாறி வந்தால் வருகைப் பதிவேட்டை இறக்கி, எந்த முகவரி அதிகத் தடவை கேட்கப்பட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். உங்கள் முகப்பைவிட அதிகமாக, நீங்கள் ஒருபோதும் கேள்விப்படாத ஒரு கோப்பு மேலே நிற்கக் கூடும். பிழைப் பதிவேட்டின் பருமனையும் பாருங்கள். ஒவ்வொரு வருகைக்கும் ஒரே எச்சரிக்கையை எழுதி எழுதிச் சில ஜிகாபைட் வரை வளர்ந்த பதிவேடுகளை நான் கண்டிருக்கிறேன். குரோனில் ஓடும் எந்த வேலைக்கும் ஒரு பூட்டு வையுங்கள்; முந்தைய ஓட்டம் முடியாவிட்டால் அடுத்தது தொடங்காமல் திரும்பிவிடும். லினக்ஸில் அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது, அதைச் சேர்க்க ஒரு வரிகூடத் தேவையில்லை, அரை வரி போதும்.

கூட்டுறவுச் சங்கத்தின் காப்புப் பிரதிக்குப் பூட்டும் வைத்தேன், உடுக்குறியையும் நீக்கினேன். எந்த நேரத்தில் ஓடவிடுவது என்பது மிஞ்சியது. அந்தத் தளத்தைப் பார்ப்பவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்; அதிகாலை 3 மணிக்குப் பதிவேட்டில் ஏறத்தாழ எவரும் இல்லை. பழைய மாணவர் சங்கத்தின் தளத்தில் அதே அதிகாலை 3 மணிதான் கூட்டமான நேரம், ஏனென்றால் ரொறன்ரோவில் வேலை முடிந்து வீடு திரும்பும் பொழுது அது. அந்தத் தளத்துக்கு இங்கே காலை 10 மணி சரியாக வந்தது. ரொறன்ரோவில் நள்ளிரவு, லண்டனில் அதிகாலை, இங்கே பிள்ளைகள் வகுப்பில். கூட்டுறவுச் சங்கத்துக்கு இங்கே 3 மணி என்றால் அந்தச் சேவையகத்தில் கோடையில் முந்தைய நாள் மாலை 5.30. நவம்பரில் கடிகாரம் மாறும்போது அது இங்கே 4 மணியாகும், அப்போதும் ஊர் உறங்கும். 30 17 * * * என்று எழுதினேன். மறுநாள் காலை எழுந்ததும் அந்த ஒரு கோப்பை இறக்கித் திறந்து பார்த்தேன். ஓகஸ்ட் மாத அறுவடைப் படங்கள்வரை எல்லாம் அதில் இருந்தன.